பலகையில் ஒட்டிய கணியம்

முகாமின் வருகைப் பதிவேடு, புத்தக அலமாரிச் சாவி, மாணவர்களின் பழைய கையெழுத்துப் பிரதிகள் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு முகாம் பொறுப்பை ஏற்கும் உங்கள் மூவரிடமும் ஒப்படைத்துவிட்டேன். கோடை எழுத்து முகாமை எப்படி நடத்துவது என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒரு சனிக்கிழமை மாலை நாலு நாற்பதிலிருந்து திங்கட்கிழமை மதியம் வரை நான் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் சொல்லாமல் போனால், அதே இடத்தில் நாளைக்கு நீங்களும் நிற்க நேரலாம். டயரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நேரங்கள் சரியாக இருக்கும்.

நான் நாசரேத் பக்கம் பிறந்தவள். வீட்டில் எல்லாரும் ஆசிரியர்கள். தூத்துக்குடியில் இருபத்தாறு ஆண்டு தமிழ் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கடலை வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்க்கிறேன். கடலைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இதை நான் முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அந்த ஆண்டு பத்தொன்பது பிள்ளைகள். பதினைந்து வயதிலிருந்து பதினெட்டு வரை. துறைமுகச் சாலையில் ஒரு பள்ளிக்கூடத்தின் மாடி அறையில் மே மாதம் முழுவதும் வகுப்பு. எனக்கு ஒரே ஒரு பாடம்தான் சொல்லித்தரத் தெரியும்: மொட்டையாக எழுதாதே. ‘ஒரு மரம்’ என்று எழுதினால் என்ன மரம் என்று பக்கத்தில் கேள்வி போடுவேன். ‘ஒருநாள் மாலை’ என்று எழுதினால் எத்தனை மணி என்று கேட்பேன். பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு ‘எத்தனை மணி மிஸ்’ என்று பேர் வைத்திருந்தார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஜெனிட்டா, கடலோர மீனவர் குடியிருப்பான திரேஸ்புரத்துப் பெண். பிளஸ் டூ முடித்திருந்தாள். அதிகம் பேசமாட்டாள். அவளுடைய அப்பாவுக்குச் சொந்தமாக வள்ளம் என்னும் நாட்டுப்படகு ஒன்று இருந்தது. அப்பாவும் சித்தப்பாவும் அதில் தூண்டில் தொழிலுக்குப் போவார்கள்.

இரண்டாம் வாரம் அவள் ஒரு கதை எழுதிக் கொண்டுவந்தாள். அப்பாவுக்குக் காய்ச்சல். சித்தப்பா முதல் முறையாக அவர் இல்லாமல் கடலுக்குப் போயிருக்கிறார். இடம் பிடிபடவில்லை. போன் அடிக்கிறார். அப்பா கட்டிலில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு, மகள் காதருகே பிடித்திருக்கும் போனில், “இப்ப ஒனக்கு என்ன தெரியுது? கொஞ்சம் வடக்க ஏறு. இப்ப சொல்லு” என்று வழிகாட்டுகிறார். அரைமணி நேரத்தில் வள்ளம் சரியான இடத்தில் போய் நிற்கிறது. அப்பா போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறார். கதை அவ்வளவுதான். படித்து முடித்ததும் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றேன். அப்படி ஒரு கதை பத்து முகாமுக்கு ஒன்றுதான் கிடைக்கும்.

ஆனால் அதில் ‘ஏதோ ஒரு கோபுரம்’ என்று இருந்தது. ‘ஒரு மரம்’ என்று இருந்தது. பச்சை மையால் எழுதினேன்: எந்தக் கோபுரம்? எந்த மரம்? எவ்வளவு ஆழம்?

ஜெனிட்டா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “கட்டாயம் எழுதணுமா மிஸ்?” என்றாள்.

“உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிந்ததை எழுத ஏன் பயப்படுற?”

அவள் தாளைப் பையில் வைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை திருத்திய கதையைக் கொடுத்தாள். நான்கு அடையாளங்கள், நான்குக்கும் பெயர், கைவிரிப்புக் கணக்கில் ஆழம் இத்தனை பாகம். கதை இப்போது நேரில் பார்க்கிற மாதிரி இருந்தது. அந்த நான்கு பெயர்களையும் இங்கே எழுத மாட்டேன்.

அவள் கேட்ட கேள்வியை நான் தயக்கம் என்று எடுத்துக்கொண்டேன். அவள் எழுதாமல் விட அனுமதி கேட்டிருக்கிறாள். இது முதல் தவறு.

சனிக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு, அந்த வாரத்தின் நல்ல கதையை மாடிப்படிக்குப் பக்கத்துப் பலகையில் ஒட்டுவோம். பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் நின்று படிப்பார்கள். படம் எடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலும் போடுவேன். அன்று ஜெனிட்டா வரவில்லை. சொந்தக்காரப் பிள்ளைக்குப் புதுநன்மை, முதல் முறை நற்கருணை வாங்கும் விழா. ஒட்டுவதற்கு முன்னால் எழுதியவரைக் கேட்கும் வழக்கம் எங்களிடம் கிடையாது. பரிசு கொடுக்கப் போகிறவர்கள் யாரையும் கேட்பதில்லையே என்றுதான் நினைத்திருந்தேன்.

நாலு நாற்பதுக்கு, மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களை எடுக்க லூர்து வந்தாள். முகாமுக்குச் சமைத்துத் தருகிறவள். அவளும் திரேஸ்புரம். பலகை முன்னால் நின்று வரிவரியாக விரல் வைத்துப் படித்தாள்.

“டீச்சர், இத யாரு ஒட்டுனா?”

“நான்தான். நல்லா இருக்குல்ல?”

“இது அவ அப்பன் கணியம்லா.”

எனக்குப் புரியவில்லை. லூர்து பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். கடலுக்கடியில் மீன் நிற்கிற பாறைத்திட்டுக்குப் ‘பார்’ என்று பெயர். நடுக்கடலில் அதைக் கண்டுபிடிக்க, கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை ஒன்றுக்குப் பின் ஒன்றாக நேர்கோட்டில் பிடிப்பார்கள். வேறு பக்கத்தில் அதுபோல இன்னும் இரண்டு. இரண்டு கோடும் எங்கே வெட்டுகிறதோ அங்கே அந்தப் பார் இருக்கும். அந்த அடையாளக் கணக்குதான் கணியம். ஜெனிட்டாவின் தாத்தா கண்டுபிடித்த பார் அது. அவள் அப்பா அதை ஜிபிஎஸ்ஸில்கூடப் பதிந்து வைத்ததில்லை. கருவி ரிப்பேருக்குப் போனால் கடைக்காரன் நம்பரை எடுத்துவிடுவான் என்று பயம்.

“லூர்து, இது கதைதானே. யாரு இதை அப்படிப் படிக்கப் போறா?”

“ஒங்க ஊருக்குக் கதை. எங்க ஊருக்கு அட்ரெஸு.”

நான் தாளைக் கழற்றினேன். குழுவில் போட்ட படத்தை எல்லாருக்குமாக அழித்தேன். அழிப்பதற்கு முன் யார் யார் பார்த்திருக்கிறார்கள் என்று பார்த்து டயரியில் குறித்துக்கொண்டேன். பதினோரு பேர். அதில் ஒருவர் எங்கள் மாணவன் கிங்ஸ்டனின் அப்பா. திரேஸ்புரத்தில் அவருக்கும் ஒரு வள்ளம் உண்டு.

“இப்பவே போய் அவ அப்பாட்ட சொல்லிருங்க டீச்சர்,” என்றாள் லூர்து. “நாளைக்கு ஞாயிறு. கோயிலுக்குப் போவாவ, கடலுக்குப் போமாட்டாவ. திங்கக்கெழம விடியக் கருக்கல்லதான் வள்ளம் இறங்கும். நேரம் இருக்கு.”

“சொன்னா அந்தப் பிள்ளையை அடிச்சிட மாட்டாரா?”

“அடிப்பான், அடிக்காம இருப்பான். அது எனக்குத் தெரியாது. நீங்க சொல்லணும்லா.”

அன்றிரவு டயரியில் நான் எழுதியது இது: ‘ஜெனிட்டாவின் நலன் கருதி, பொறுத்துப் பார்ப்பது நல்லது.’ கையெழுத்து வழக்கத்தைவிட அழகாக இருக்கிறது. பயந்துபோன நாட்களில் என் கையெழுத்து அப்படித்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் அப்படியே கழித்தேன். காலையில் ஆராதனை. பிரசங்கம் என்ன என்று குறிப்பில் இல்லை. பதினொன்று ஐந்துக்கு ஜெனிட்டா வீட்டு எண்ணை எடுத்தேன், வைத்தேன். ஒன்றரைக்குச் சாப்பாடு. மூன்று இருபதுக்கு எண்ணை அழுத்தி, மணி அடிப்பதற்குள் துண்டித்தேன். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிங்ஸ்டனின் அப்பா கதை படிக்கிற ஆள் இல்லை என்று சொல்லிக்கொண்டேன். பதினோரு பேரில் எத்தனை பேர் படத்தைப் பெரிதாக்கிப் படித்திருப்பார்கள் என்றுகூடக் கணக்குப் போட்டேன். மாலை ஆறு மணிக்குப் பிறகு, இனிச் சொன்னால் ஏன் இவ்வளவு நேரம் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம் வந்தது. முதல் பயத்தைவிட அது பெரிது. எட்டு மணிக்குப் போனை அணைத்து வைத்தேன்.

திங்கட்கிழமை ஒன்பது இருபதுக்கு ஜெனிட்டா வந்தாள். புதுநன்மை வீட்டிலிருந்து ஒரு துண்டு கேக் எனக்குத் தாளில் மடித்துக் கொண்டுவந்திருந்தாள். நான் அதை வாங்கி மேசையில் வைத்தேன். அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தேன். அதற்குள் பின் வரிசையிலிருந்து ஒரு பையன், “ஏளா ஜெனி, ஒங்கதைதான் இந்த வாரம் போர்டுல. ட்ரீட் எங்க?” என்றான்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “எந்தக் கதை மிஸ்?”

“போன் கதை.”

“முதல்ல எழுதுனதா, திருத்துனதா?”

நான் மேசையிலிருந்த கேக்கைப் பார்த்தேன். அவளுக்கு விடை கிடைத்துவிட்டது. உட்காரவில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“யாரெல்லாம் படிச்சாவ?”

கிங்ஸ்டன் நல்ல பையன். அவளைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னான். “எங்கப்பா கூடப் படிச்சாருளா. ரெண்டு தடவ படிச்சாரு. எங்கப்பா பேப்பரே படிக்க மாட்டாரு.”

“இன்னைக்கு ஒங்கப்பா எங்க?”

“இதென்ன கேள்வி. கடலுக்கு.”

வகுப்பை அவர்களுக்குள்ளேயே வாசித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஜெனிட்டாவைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் திரேஸ்புரம் போனேன். வழியில், “நான் எழுதியிருக்கக் கூடாது,” என்றாள் அவள். “நான் கேட்டிருக்கக் கூடாது,” என்றேன். அது அவளுக்குப் போதவில்லை. எனக்கும்தான்.

அது விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பெரிய படகுகள் எல்லாம் கட்டிக்கிடந்தன. வள்ளக்காரர்களுக்கு அந்த இரண்டு மாதம்தான் மீனுக்கு நல்ல விலை கிடைக்கும் காலம். இது எனக்கு அன்று கரையில் நின்றபோதுதான் உறைத்தது. பத்து மணியிலிருந்து ஒன்று நாற்பது வரை நின்றோம். ஒவ்வொரு வள்ளம் வரும்போதும் ஜெனிட்டா நிறத்தைப் பார்த்து, “இல்ல,” என்பாள்.

அவர்கள் வள்ளம் வந்தது. அப்பா முன்னால் இறங்கினார். சித்தப்பா பின்னால் இறங்கி, கயிற்றைக்கூடப் பிடிக்காமல், எங்களைத் தாண்டித் தெருப்பக்கம் போய்விட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் என்னவோ நடந்திருந்தது.

“ஏளா, நீ இங்கன எதுக்கு நிக்க?” என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்தார். “வாங்க டீச்சர். பிள்ளைக்கு என்ன?”

“பிள்ளைக்கு ஒன்றுமில்லை. நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். உங்க பார்—”

அவர் கையை உயர்த்தினார். “இன்னைக்கு அங்கன ஒரு வள்ளம் நின்னுச்சு,” என்றார். “முப்பது வருஷத்துல மொத தடவ. எந்தம்பிதான் காட்டிக்குடுத்துட்டான்னு நெனச்சேன். அவனுக்கே மாசி மாசம் எனக்குக் காய்ச்சல் கண்டப்பதான் கணியம் தெரியும். கேட்டுட்டேன். நடுக்கடல்ல வச்சுக் கேட்டுட்டேன்.”

“அவர் இல்லை. நான்தான்.”

நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். பச்சை மைக் கேள்வியிலிருந்து பலகை வரை. மகள் முதலில் எழுதாமல் விட்டிருந்தாள், கட்டாயம் எழுத வேண்டுமா என்று கேட்டாள், நான்தான் எழுத வைத்தேன் என்பதை இரண்டு முறை சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஒங்களுக்கு எப்ப தெரியும்?”

“சனிக்கிழமை சாயங்காலம் நாலு நாற்பதுக்கு.”

அவர் கடலைத் திரும்பிப் பார்த்தார். “ஞாயித்துக்கெழம முழுசா இருந்துச்சே டீச்சர்.”

அவரே தொடர்ந்தார்.

“அன்னைக்கே சொல்லியிருந்தா நான் அந்த கிங்ஸ்டன் அப்பன் வீட்டுக்குப் போயிருப்பேன். பூசை முடிஞ்சதும் போயி, அண்ணாச்சி, இந்த மாதிரி ஆயிப்போச்சு, அது எங்கப்பா பார், நீங்க வராதீங்கன்னு கேட்டிருப்பேன். கேட்டா இங்க யாரும் இல்லன்னு சொல்ல மாட்டாவ. அவனும் பெரிய மனுசந்தான். ஆனா இப்ப தூண்டில் போட்டு மீனப் பாத்துட்டான். மீனப் பாத்தவன்ட்ட போயி வராதன்னு சொல்ல முடியாது. சொன்னா நாந்தான் கெட்டவன்.”

அந்த ஊரில் அப்படி ஒரு வழி இருந்திருக்கிறது. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளும் வழி. அது ஒரு நாளைக்குத் திறந்தும் இருந்திருக்கிறது. அந்த ஒரு நாளைத்தான் நான் போனை எடுப்பதிலும் வைப்பதிலும் செலவழித்தேன்.

பெயர்களை மாற்றி எழுதிக் குழுவில் போடலாமா, முதலில் போட்டது தவறு என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்களே என்று கேட்டேன். திங்கட்கிழமை விடியும் முன்பே அதை யோசித்து வைத்திருந்தேன். நல்ல யோசனை என்று நினைத்திருந்தேன்.

“எத மாத்துவிய? கோபுரத்தத் தள்ளி வச்சா இன்னொருத்தன் பார்ல போயி விழும். அவன் என்ன பாவம் பண்ணுனான்?”

பையிலிருந்து டயரியை எடுத்தேன். நல்ல பத்திக்கு எடுத்துக்காட்டு என்று அந்த நான்கு வரிகளை அதிலும் நகலெடுத்திருந்தேன். பக்கத்தைக் கிழிக்கப் போனேன். அவர் சிரித்த மாதிரி இருந்தது. “கிழிச்சு என்ன செய்ய. நீங்க வள்ளம் எடுத்துட்டா வரப்போறிய?”

அப்புறம்தான் அவர் குரல் மாறியது. “ஒண்ணு மட்டும் சொல்லுதேன். இனி இவ எழுதுதத எல்லாம் மொதல்ல நான் பாப்பேன். நான் பாத்த பொறவுதான் நீங்க பாக்கணும். சம்மதம்னா வருவா. இல்லன்னா வேண்டாம்.”

இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அந்த நிமிஷத்தில் அவர் என்ன கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பேன். தப்புச் செய்தவளுக்கு எதையாவது கொடுத்துவிட்டு அங்கிருந்து போனால் போதும் என்றிருக்கும். ஆனால் நான் கொடுக்கப் போனது என்னுடையது இல்லை. ஜெனிட்டா பக்கத்தில் நிற்கிறாள். இரண்டு நாளில் இரண்டாம் முறையாக அவளைக் கேட்காமல் அவள் எழுத்தை எடுத்துக் கொடுக்கப் போகிறேன்.

“அதுக்கு நான் சம்மதம் சொல்ல முடியாது,” என்றேன். “ஜெனிட்டாதான் சொல்லணும்.”

அவர் முகம் இறுகியது. தன் வீட்டுச் சொத்தைத் தெருவில் ஒட்டியவள் இப்போது தன் மகளுக்கும் தனக்கும் நடுவில் வந்து நிற்கிறாள் என்று அவர் நினைத்தால் அதில் தப்பில்லை. பக்கத்தில் மீன் பிரித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

ஜெனிட்டா மெதுவாகத்தான் பேசினாள். “கடலப் பத்தி எழுதுனா காட்டுதேன்பா. மத்தத காட்ட மாட்டேன்.”

“மத்ததுன்னா என்னளா மத்தது?”

“அதக் காட்டிட்டா அப்புறம் என்ன மத்தது?”

மீன் பிரித்த பெண்களில் ஒருத்தி, “சரியாத்தான கேக்கா,” என்றாள். அவர் அவளைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். சித்தப்பா போன தெருப்பக்கம் நடந்தார். அடிக்கவில்லை. சம்மதிக்கவும் இல்லை.

அன்று மாலை கிங்ஸ்டனின் அப்பாவுக்குப் போன் செய்தேன். “பலகையில ஒட்டினத படிச்சது குத்தமா டீச்சர்?” என்றார். குற்றமில்லை. அவர் தொடர்ந்து அந்தப் பாருக்குப் போனார். தடைக்காலம் முடிவதற்குள் வேறு இரண்டு வள்ளங்களும் போயின. அது எதையும் நான் திருப்பித் தர முடியவில்லை. இப்போதும் முடியாது. பாடம் கிடைத்தது என்று சொல்லி இதை நான் சமன் செய்துகொள்வதில்லை. பாடம் எனக்குக் கிடைத்தது, பார் ஜெனிட்டா வீட்டாரின் கையைவிட்டுப் போயிற்று.

நான்கு நாள் ஜெனிட்டா வரவில்லை. வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்குப் போகலாமா என்று லூர்துவிடம் கேட்டேன். “போவாதிய. அண்ணனும் தம்பியும் இன்னும் பேசல. ஒரே வள்ளத்துலதான் போறாவ, பேச்சு மட்டும் இல்ல,” என்றாள். சனிக்கிழமை ஒன்பது பத்துக்கு அவளே வந்தாள். ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. வருகைப் பதிவேட்டில் நான்கு கட்டங்களையும் காலியாகவே விட்டிருக்கிறேன். நீங்கள் பார்த்தால் அதற்குக் காரணம் இதுதான்.

மே கடைசிச் சனிக்கிழமை பெற்றோர் முன்னிலையில் வாசிப்பு. ஒவ்வொரு பிள்ளையிடமும் முன்கூட்டியே தனியாக ஒரு கேள்வி கேட்டேன்: இதில் உன்னுடையது இல்லாதது ஏதாவது இருக்கிறதா? மூன்று பேர் கதையை மாற்றிக்கொண்டார்கள். ஜெனிட்டா, “இருக்கு மிஸ், ஆனா வாசிப்பேன்,” என்றாள். என்னிடம் தாளைக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பது அன்று எனக்குச் சுலபமாக இல்லை.

அவள் அப்பா வந்திருந்தார். நாற்காலி இருந்தும் பின்சுவரில் சாய்ந்து நின்றார். மூன்று வரிசை முன்னால் கிங்ஸ்டனின் அப்பா. ஜெனிட்டா எழுந்தபோது அறையில் திரேஸ்புரத்துக்காரர்கள் எல்லாரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஒரே வள்ளத்தில் போகும் இரண்டு சகோதரர்கள் பேசாமலிருந்த பதினோரு நாளைப் பற்றி எழுதியிருந்தாள். அண்ணன் கரையேறி மகளிடம் சொல்கிறார், “நாளைக்கு மூணு மணிக்கு எறங்கணும்னு ஒங்க சித்தப்பன்ட்ட சொல்லு.” தம்பி பக்கத்து வீட்டிலிருந்து, “கேட்டுச்சுன்னு சொல்லு,” என்கிறார். நடுவில் அவள், இரண்டு வீட்டுக்கும் சுவர் ஒன்றுதான் என்று தெரிந்தும், போய்ப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறாள். கூட்டத்தில் சிரித்தார்கள். கோபுரம் இல்லை, மரம் இல்லை, ஆழம் இல்லை. கடைசியில், தன்னால் வந்த வினை இது என்று இரண்டு பேருக்கும் தெரியும், ஆனாலும் இரண்டு பேரும் தன்னிடம்தான் பேசுகிறார்கள் என்று எழுதியிருந்தாள். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

நான் அவள் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இதை முதல் முறையாகக் கேட்கிறார். இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, கடைசி வரை அசையாமல் நின்றார்.

வாசிப்பு முடிந்ததும் அவரிடம் போனேன். “இதைப் பலகையில் ஒட்டலாமா?” என்று கேட்டேன்.

“எங்கிட்ட ஏன் கேக்கிய?” என்றார். “எழுதுனவ அங்கன நிக்கா.”

அவளிடம் போய்க் கேட்டேன். ஜெனிட்டா தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள்.

“சித்தப்பாட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன் மிஸ்.”

அண்ணன் வாசிப்புக்கு வந்ததால், சித்தப்பா அன்று தனியாகக் கடலுக்குப் போயிருந்தார். நாலு மணிக்குப் பெற்றோர் எல்லாரும் படியிறங்கிப் போனபோது பலகை காலியாகவே இருந்தது.